உள் கேபினே இருக்கட்டும், அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் "ஆகட்டும், பார்க்கலாம்" என்று சொன்னேன் அல்லவா, அதை நம்பிவிடாதே. அப்பா ஹாலில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேப்பர் விரிந்திருக்கிறது, ஆனால் பக்கம் புரளவில்லை என்றால் அவர் காது நம் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். மறுத்தால் என்னவென்று கேட்டுப் போனை வாங்கிவிடுவார், அதனால் அப்படிச் சொல்லி வைத்தேன். நீ கேட்டதை நான் செய்யப் போவதில்லை. ஏன் என்பதைப் போனில் சொல்லி முடிக்கவும் முடியாது, உன் ஹாஸ்டல் பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் உனக்குப் பின்னால் எப்போதும் நாலு பேர் நின்று கனைத்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசி வரைக்கும் படி. கோபப்படுவதாக இருந்தாலும் கடைசி வரைக்கும் படித்துவிட்டுப் படு.

நான் புரிந்துகொண்டது இதுதான். கல்யாணம் முடிந்த கையோடு சிங்கப்பூர் போய் அங்கிருந்து கப்பலில் சுற்றிவர மாப்பிள்ளை ஏற்பாடு செய்திருக்கிறார். டிக்கெட் காகிதத்தைப் பார்த்த உன் தோழி ஒருத்தி, இது உள் கேபின், இதில் ஜன்னலே இருக்காது என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து உனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமான புதிதில் மனைவியை ஜன்னல் இல்லாத அறைக்குக் கூட்டிப் போகிறவர் பின்னால் எதற்குத்தான் கை சுருக்கமாட்டார் என்பது உன் பயம். "இப்பவே இப்படின்னா பின்னாடி எப்படிம்மா?" என்று கேட்டாயே, அப்போது உன் குரல் உடைந்தது எனக்குக் கேட்டது. அந்தப் பயத்தை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்கு நீ கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளைக்குத் தெரியாமல் நான் அப்பாவிடம் சொல்லி, அப்பா கோயமுத்தூர் டிராவல் ஏஜென்டிடம் சொல்லி, ஜன்னல் வைத்த அறையாக மாற்றிவிட வேண்டும். கப்பலில் ஏறியதும் ஏதோ அதிர்ஷ்டம் அடித்ததுபோல நீ ஆச்சரியப்பட்டுக்கொள்வாய். நல்ல நாடகம்தான், ஆனால் இதில் எனக்கு வேஷம் வேண்டாம்.

உள் கேபினைப் பற்றிப் பேச இந்தத் திருப்பூரில் என்னைவிட உரிமை உள்ளவள் கிடையாது. நீ ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த வருஷம், நம் பனியன் கம்பெனிக்கு மெஷின் விற்ற ஏஜென்ட் ஒருவர், நிறைய வாங்கிய கம்பெனிக்காரர்களை ஜோடி ஜோடியாகச் சிங்கப்பூர் கப்பலுக்குக் கூட்டிப் போனார். நீ அப்போது அழுதுகொண்டே எங்களை வழியனுப்பினாய். நாங்கள் போகிறோம் என்றல்ல, உன்னைக் கூட்டிப் போகவில்லை என்று. அந்தப் பயணத்துக்கு அறை பதிவு செய்ய ஓர் ஆள் நம் கம்பெனிக்கு வந்தார். அன்று நடந்த கூத்தைப் புரிந்துகொள்ள நம் கம்பெனி எப்படி இருந்தது என்பதை நீ ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். படி ஏறியதும் வெளி கேபின். அதில் மேனேஜர், டைப் அடிக்கிற பெண், பார்க்க வந்தவர்கள் உட்காரும் பெஞ்சு. அதைத் தாண்டினால் உள் கேபின். ஏ.சி., சுழல் நாற்காலி, முருகன் படம், மெஷின் ஓடும் தளத்தை முழுசாகப் பார்க்கும்படி ஒரு பெரிய கண்ணாடி. "உள் கேபின் வரைக்கும் போயிட்டு வந்தேன்" என்று ஒருவர் சொன்னால், முதலாளியையே பார்த்துவிட்டார் என்று ஊருக்கே புரியும்.

வந்தவர் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "கேபின் இன்சைடுங்களா, அவுட்சைடுங்களா?" என்று கேட்டார்.

உன் அப்பா நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஏனுங்க, என்னையப் பாத்தா வெளி கேபின்ல உக்கார்ற ஆளாட்டவா இருக்குது? உள் கேபினே போடுங்க" என்றார்.

"இல்லீங்க, அவுட்சைடுன்னா கடல்..."

"கடலு எங்கீங்க போயிரப் போவுது? நானே எந்திரிச்சுப் போய்ப் பாத்துக்கறனுங்க. நீங்க உள்ளயே எழுதுங்க."

அந்த மனுஷன் அப்படியே எழுதிக்கொண்டார். முதலாளிகளிடம் ஒரு தடவைக்கு மேல் விளக்கம் சொல்லக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நானும் சாம்பிள் பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? எங்களோடு வருவதாக இருந்த, முதலிபாளையம் தொழிற்பேட்டையில் கம்பெனி வைத்திருந்த ஒருவரிடம் அப்பா, "நீங்களும் உள்ளயே கேட்டு வாங்கிக்கோங்க" என்று யோசனை வேறு சொன்னார். அவர் அடக்கமான மனுஷர். "நமக்கு வெளி கேபினே போதுமுங்க. நீங்க பெரிய கை" என்று கும்பிட்டு ஒதுங்கிக்கொண்டார். அடக்கம் அமரருள் உய்க்குமோ என்னவோ, அவருக்கு ஜன்னல் வாங்கிக் கொடுத்தது.

கப்பலில் ஒரு நீளமான நடைபாதை. அதில் அவர்கள் கதவு ஒரு பக்கம், எங்கள் கதவு எதிர்ப்பக்கம். எங்கள் அறையில் கட்டில், கண்ணாடி, ஒரு சுவர் முழுக்கத் தொங்கும் திரை. அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "இப்பப் பாரு புள்ள, கடல!" என்று இரண்டு கையாலும் திரையை விலக்கினார். பின்னால் சுவர். நல்ல வழவழவென்று வெள்ளைச் சுவர். அவர் அதை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு திரையின் ஓரத்தையும் தூக்கிப் பார்த்தார். அங்கும் அதே சுவர். நான் கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சமயம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. முதலிபாளையத்தார் மனைவி சரசு. "அக்கா, உங்க பெரிய ரூமைப் பாக்கோணுமுங்க" என்கிறாள். உன் அப்பா ஒரே எட்டில் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நான் கதவைத் திறந்தேன். சரசு உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தாள், திறந்து கிடந்த திரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். நம் ஊர்ப் பெண் அல்லவா, முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "நல்லா... அடக்கமா இருக்குதுங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். குளியலறைக்குள் இருந்தவருக்கு அந்த "அடக்கமா" நன்றாகக் கேட்டிருக்கிறது. வெளியே வந்ததும் முதல் வேலையாக அறையை மாற்றச் சொல்லிக் கப்பல் ஆளிடம் சொன்னார். மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னல் வைத்த அறை ஒன்று காலியாகும், மாறிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

உள் கேபினில் ஒரு கஷ்டமும் இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். விடிந்ததா இல்லையா என்று தெரியாது. நான் விடிகாலை என்று நினைத்து எழுந்து தலைக்குக் குளித்துத் தயாரானால், வெளியே எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். விளக்கை அணைத்தால் தன் கை தனக்குத் தெரியாது, குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவை ஒருக்களித்து வைக்க வேண்டும். துவைத்துப் போட்ட துண்டு காயவே இல்லை. வெயிலும் காற்றும் இல்லாத இடத்தில் துணி காயாது என்று ஒரு பனியன் கம்பெனிக்காரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, இருந்தும் துவைத்துப் போட்டேன். நான் கட்டிக்கொண்டு போன பருப்புப்பொடியின் வாசம், நாங்கள் கப்பலை விட்டு இறங்கும் வரைக்கும் எங்களோடேயே இருந்தது. ஆனால் உள் அறையில் கப்பல் ஆட்டம் குறைவு. வெளி அறைக்காரர்கள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு திரிந்தபோது நாங்கள் நன்றாகச் சாப்பிட்டோம். கடலைப் பார்க்க வேண்டும் என்றால் மேல்தளத்துக்குப் போனோம். அங்கே கடல் எல்லோருக்கும் பொது, எந்த அறைக்காரர் என்று யாரும் கேட்கவில்லை.

இனி நான் சொல்லப் போவது உனக்குத் தெரியாதது. அந்த வருஷம் உன் பரீட்சை முடிந்ததும் உன்னைப் பல்லடத்து அத்தை மகனுக்குக் கட்டிவைப்பதாக அப்பா தன் அக்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். முறை மாப்பிள்ளை, சொந்தத் தறி, நல்ல பையன். இன்றைக்கும் நல்லவன்தான், அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ காலேஜ் போக வேண்டும் என்பது மட்டும்தான் என் பிடிவாதம். நான் பத்தாவது முடித்ததும் கல்யாணமாகி வந்து, நம் கம்பெனி தொடங்கியதும் செக்கிங் டேபிளில் உட்கார்ந்தவள். அந்த வேலை எனக்குப் பிடிக்கவும் செய்தது. ஆனால் "உனக்கு என்ன வேண்டும்" என்று என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. உன்னையாவது ஒருவர் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

இதை உன் அப்பாவிடம் சொல்ல எனக்கு இடம் கிடைக்கவில்லை. கீழே கம்பெனி, மேலே வீடு. நம் அறைக்குக் கதவு உண்டு, ஆனால் பகலில் சாத்தினால் யாருக்கு உடம்பு சரியில்லை என்று மூன்று பேர் வந்து தட்டுவார்கள். ராத்திரியில் பேசினால் ஊரிலிருந்து வந்து ஹாலில் படுத்திருக்கும் ஒறம்பரை சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் கேட்கும். சரி, கம்பெனியில் சொல்லலாம் என்று உள் கேபினுக்குப் போவேன். "பாப்பா படிப்பு விசயமா..." என்று ஆரம்பித்தால் போதும், உன் அப்பா மெல்லக் கண்ணாடிப் பக்கம் திரும்பிவிடுவார். "அந்த ஓவர்லாக் மெஷின் ஏன் நிக்குது?" என்று எழுந்து போய்விடுவார். வீட்டில் ஆரம்பித்தால் ஜன்னலுக்குப் போய் வாட்ச்மேனைக் கூப்பிடுவார். பிடிக்காத பேச்சு வந்தால் அவருக்கு ஒரு ஜன்னல் வேண்டும். அவர் கெட்டவர் இல்லை, அம்மிணி. யாரையும் அடித்ததில்லை, ஒரு சொல் கடுமையாகச் சொன்னதில்லை. நானும் "ஏனுங்க" என்றும் "சரீங்க" என்றும் வருஷங்களை ஓட்டிவிட்டேன். நாங்கள் சண்டையே போடாத ஜோடி என்று ஊரில் பேர். வாய் திறக்க இடமில்லாதவர்கள் எப்படிச் சண்டை போடுவது?

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா அறை மாறுவதற்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்தி, அதன் மேல் சாய்ந்து நின்றுகொண்டேன்.

"சித்த உக்காருங்க. ஒண்ணு பேசோணும்."

"அந்த ரூமுக்குப் போயிப் பேசிக்கலாம் புள்ள."

"அங்க ஜன்னல் இருக்குதுங்க. இங்கயேதான் பேசோணும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சொன்னேன். "பாப்பாவைப் படிக்க வெக்கோணுங்க. இப்பக் கல்யாணம் வேண்டாமுங்க."

"அக்காகிட்ட வாக்குக் குடுத்தாச்சு."

"வாக்குக் குடுத்தது நீங்க. வாழப் போறது அவ. அவள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

பழக்கதோஷம், எழுந்து போய்த் திரையை விலக்கினார். சுவர்தான் இருந்தது. அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் திரும்பினார். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான், நான் பேசும்போது அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தச் சத்தம்! கத்தினேன். உண்மையாகவே கத்தினேன். "மெல்லப் பேசு, பக்கத்து ரூமுக்குக் கேக்கும்" என்றார். "கேக்கட்டுமுங்க. அவுங்க சீனாக்காரங்க. தமிழ் தெரியாது" என்றேன். உன் மார்க்கைச் சொன்னேன், உன் வாத்தியார் என்னிடம் சொன்னதைச் சொன்னேன், என்னை யாரும் கேட்காததையும் சொன்னேன். அவரும் விடவில்லை. அக்கா தன்னைத் தூக்கி வளர்த்ததைச் சொன்னார், கம்பெனி ஆரம்பித்தபோது அக்கா கழுத்துச் சங்கிலி பாங்கிக்குப் போனதைச் சொன்னார். அதுவும் நியாயம்தான், அதையும் நான் அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன். கடைசியில் அவர் கட்டிலில் உட்கார்ந்து, "இத்தன நாளு இதயெல்லாம் ஏன் சொல்லல?" என்றார்.

"சொன்னனுங்க. நீங்க மெஷினைப் பாத்துட்டு இருந்தீங்க."

விளக்கை அணைக்கச் சொன்னார். அந்த இருட்டில் இரண்டு பேரும் படுத்துக் கிடந்தோம். எனக்கு மனசு லேசாக இருந்தது. அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் குரல் வந்தது. "அக்காகிட்ட எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். அதைக் கேட்டதும் நீ காலேஜில் சேர்ந்துவிட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, அவர் பார்க்க முடியாது என்பதால் தாராளமாக அழுதேன். சாமானைத் தூக்கக் கப்பல் ஆள் வந்து கதவைத் தட்டியபோது, அப்பாவே எழுந்து போய், "நோ, நோ. திஸ் ரூம் குட்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஊருக்கு வந்து அக்காவிடம் அவர் எப்படிச் சொன்னார், அத்தை எத்தனை மாசம் நம் வீட்டுப் படி ஏறவில்லை என்பதெல்லாம் வேறு கதை. நீ நினைத்தாயே, அத்தைக்கு நம் சமையல் பிடிக்கவில்லை என்று, அந்தக் காலம்தான்.

அதிலிருந்து உன் அப்பா ஊரில் யார் கப்பலுக்குப் போனாலும், "உள் கேபின்தான் எடுக்கோணும், வெவரம் தெரிஞ்சவன் அதத்தான் எடுப்பான்" என்று சிபாரிசு செய்கிறார். நீயே கேட்டிருப்பாய். ஆனால் மகள் என்றதும் அந்தச் சிபாரிசு எங்கே போனது பார். ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததும் என்னவென்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறு நிமிஷம் டிராவல் ஏஜென்டுக்கு நம்பர் சுழற்ற ஆரம்பித்துவிட்டார். நான் போனின் மேல் கையை வைத்தேன். "புள்ளைக்குக் கடலு தெரிய வேண்டாமா?" என்றார். "நமக்குத் தெரியலீங்களே, என்ன கெட்டுப்போச்சு?" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "போனவொடனே உன்ற மக சண்ட போடோணுங்கறயா?" என்றார். "ஆமாங்க, போடட்டும்" என்றேன். சிரித்துவிட்டு ரிசீவரை வைத்தார்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை உடுமலைப் பக்கம் தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை, பெங்களூரில் நல்ல வேலை, பார்க்க லட்சணம். இதெல்லாம் வெளியில் நின்று பார்த்தது. பீஸைச் செக் பண்ணும்போது உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் நான் ஒன்றையும் பாஸ் பண்ணியதில்லை. உன் கல்யாணத்தில் மட்டும் திருப்பிப் பார்க்கும் வேலையை நான் செய்ய முடியாது, நீதான் செய்ய வேண்டும். அவர் ஏன் உள் கேபின் போட்டார் என்று எனக்குத் தெரியாது. கஞ்சத்தனமாக இருக்கலாம். தன் சம்பளத்திலேயே உன்னைக் கூட்டிப் போக வேண்டும், வீட்டில் கை நீட்டக்கூடாது என்ற ரோஷமாக இருக்கலாம். உன் அப்பாவைப் போல வெறும் தப்பர்த்தமாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அவருக்குத் தெரியாமல் அறையை மாற்றினால், அது எது என்று உனக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போய்விடும். அதோடு, கேட்காமல் காரியம் முடித்துக்கொள்ளும் வழி ஒன்றும் உனக்குப் பழகிவிடும். அது நல்ல வழி அல்ல. நான் அதில் வருஷக்கணக்கில் நடந்தவள், அதனால் சொல்கிறேன்.

வருகிற சனிக்கிழமை அவர் உன்னைப் பார்க்க வருவதாகச் சொன்னாய். ஹோட்டலுக்குப் போனால் தெருவைப் பார்த்த மேஜையில் உட்காராதே, உள்ளே தள்ளி ஒரு மேஜையைப் பிடி. காப்பி வரும் வரைக்கும் பொறு. வந்ததும் நேராகக் கேள், ஏனுங்க ஜன்னல் இல்லாத ரூம் போட்டீங்க என்று. கோபம் இருந்தால் கோபமாகவே கேள், சிரித்து மழுப்பாதே. பதிலைவிட, பதில் சொல்லும்போது அவர் எங்கே பார்க்கிறார் என்று கவனி. உன் முகத்தைப் பார்த்துப் பேசுகிற மனுஷனாக இருந்தால், அவர் சொல்லும் காரணம் எதுவானாலும் நீ அவரோடு சண்டை போட்டு வாழ்ந்துவிடலாம். நீங்கள் இரண்டு பேரும் பேசி, அறையை மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தால் தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒருவேளை பேசிப் பார்த்த பிறகு இவர் வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால், அன்றைக்கே எனக்கு ஒரு போன் போடு. காரணம்கூட நீ சொல்ல வேண்டியதில்லை, வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். பத்திரிகை அடித்தாயிற்றே, மண்டபம் பேசியாயிற்றே, ஊர் என்ன சொல்லும் என்று நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்காதே. உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். எனக்கு இப்போது அவரிடம் பேசத் தெரியும்.

உன் அம்மா